முன்பக்க ஸ்ட்ரட் மாற்றிய பிறகு ஸ்டீயரிங் திருப்பினால் "டொய்ங்" சத்தம்: உதவி தேவை

கேள்வி
போன வாரம் வீட்டிலேயே காரின் முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கைத் தாங்கி ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் குழாய்) இரண்டையும் மாற்றினேன். பழையவை எண்ணெய் கசிந்து, சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே முன்பக்கம் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் இப்போது இல்லை. ஆனால் புதிதாக ஒரு தொல்லை: வண்டி நிற்கும்போதோ மெதுவாக ஊரும்போதோ ஸ்டீயரிங்கைத் திருப்பினால், இடது பக்கம் கம்பி தெறித்தது போல "டொய்ங்" என்கிறது. கையில் ஒரு உதறலும் தெரிகிறது. வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர முரண்டு பிடிக்கிறது.

ஸ்ட்ரட் மட்டும்தான் புதுசு. ஸ்பிரிங், டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பாடியோடு பிடிக்கும் பாகம்), பேரிங் எல்லாம் பழையதையே போட்டேன். போல்ட் எதுவும் லூஸாக இல்லை. ஸ்டெபிலைசர் லிங்க்காக (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியோடு இணைக்கும் சின்னத் தண்டு) இருக்குமோ?

பதில் 1
லிங்க் தேய்ந்திருந்தால் மேடு பள்ளத்தில் "டொக் டொக்" என்று தட்டும். நின்ற இடத்தில் திருப்பும்போது மட்டும் சத்தம் என்றால் என் சந்தேகம் பேரிங் மேல்தான்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் பாகம்) சேர்ந்து ஸ்ட்ரட் குழாயும் ஸ்பிரிங்கும் மொத்தமாகத் திரும்ப வேண்டும். டாப் மவுண்ட் பாடியோடு போல்ட் போட்டு நிற்பது, அது திரும்பாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பேரிங் இறுகிவிட்டால் ஸ்பிரிங் முறுக்கேறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் சட்டென்று விட்டுவிடும். அதுதான் உங்கள் டொய்ங். ஸ்டீயரிங் நேருக்கு வராததற்கும் அதே காரணம்தான்.

வண்டி தரையில் நிற்கும்போது ஸ்பிரிங்கில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். உள்ளே ஒருவரை உட்கார வைத்து மெதுவாகத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். கோடு வழுக்கிக்கொண்டு போனால் சரி. நின்று நின்று குதித்தால் பேரிங்தான். விரலைச் சுருளுக்குள் விடாதீர்கள்.

பதில் 2
இன்னொன்றையும் பாருங்கள். ஸ்பிரிங்கின் கீழ்முனை, ஸ்ட்ரட் தட்டில் உள்ள தடுப்பில் போய் முட்டி நிற்கிறதா? அது விலகி உட்கார்ந்திருந்தாலும் இப்படித் தெறிக்கும். கழற்றாமலே டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.

கேட்டவர்
கீழ்முனை சரியாகத்தான் முட்டி நிற்கிறது. ஆனால் சாக்பீஸ் கோடு இடது பக்கம் அசையாமல் நின்று, அப்புறம் விரல் அகலத்துக்குத் தாவுகிறது. வலது பக்கம் வெண்ணெய் மாதிரி போகிறது. மறுபடியும் கழற்றத்தான் வேண்டுமா?

பதில் 1
வேறு வழியில்லை. முதல் முறை பட்ட பாடு இரண்டாம் முறை இருக்காது. இரண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க் போல்ட் வெளியே வர அடம்பிடிக்கும். லிங்க் நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றினால் நுனியை ஆலன் கீயால் பிடித்துக்கொள்ளுங்கள். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து முதலில் விடுவித்துவிடுங்கள். நக்கிள் வெளிப்பக்கம் சாயாமல் ஒரு கம்பியால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு கழன்று வரும்.

பதில் 2
ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். இரண்டு கொக்கியும் எதிரெதிரே இருக்கட்டும், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பிரிங் கையால் அசைக்கும் அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் ஸ்ட்ரட் உச்சியில் உள்ள நடு நட்டில் கை வைக்க வேண்டும். ஸ்ட்ரட்டுக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஸ்பிரிங் தெறிப்பதைப் பார்த்து ஒருமுறை பயந்தவன் என்பதால் சொல்கிறேன்.

கேட்டவர்
கழற்றியாயிற்று. வெட்கமாக இருக்கிறது: இடது பேரிங்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். போன தடவை கழற்றும்போது வலது பக்கத்தை மட்டும் படம் எடுத்து வைத்திருந்தேன். இடது பக்கம் வந்தபோது நேரமாகிவிட்டது, ஞாபகத்தில் இருந்தபடி அடுக்கிவிட்டேன். ஒரு ஓரம் நசுங்கிக் குண்டுகள் வெளியே எட்டிப் பார்க்கின்றன. புது பேரிங் இரண்டு வாங்கி இரு பக்கமும் போட்டேன், சத்தம் போய்விட்டது. ஸ்டீயரிங்கும் தானாக நேருக்கு வருகிறது.

ஆனால் நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் வீல் லேசாக இடப்பக்கம் சாய்ந்தே இருக்கிறது.

பதில் 1
நக்கிள் போல்ட் இருந்த இடத்தைக் கழற்றும் முன் கோடு போட்டுக் குறித்தீர்களா? அந்தத் துளையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். போல்ட் சற்று நகர்ந்தாலே சக்கரத்தின் சாய்வு மாறும், கூடவே டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். எப்படியும் ஸ்ட்ரட் கழற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்கத்தான் வேண்டும். தள்ளிப்போட்டால் டயரின் ஒரு ஓரம் வழுவழுவென்று ஆகிவிடும்.

கேட்டவர்
குறிக்கவில்லை அண்ணா. நாளைக் காலை முதல் வேலை அலைன்மென்ட்தான்.