பைபர் லைனுக்கு வீட்டுக்காரரின் அனுமதி: மூன்று வாரம் ஆள் மாறிக் கேட்ட கதை

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து:

ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார ஐயாவும் அன்ரியும். எங்களிடம் இருந்த 4ஜி ரவுட்டர் பகலில் பரவாயில்லை, பின்னேரம் ஆறு மணி தாண்டினால் வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். மகளின் சூம் வகுப்பும் அந்த நேரம்தான். ஒழுங்கை முகப்புக் கம்பம் வரை பைபர் இணைய வயர் வந்திருக்கிறது, எங்கள் கேற்றிலிருந்து 30 மீற்றர்கூட இல்லை. விண்ணப்பிக்கப் போனால், வாடகை வீடென்றால் உரிமையாளரின் கையெழுத்தோடு கடிதம் வேண்டும் என்றார்கள்.

சரி, ஐயாவிடம் கேட்டேன். “பாப்பம் தம்பி” என்றார். அடுத்த கிழமை கேட்டேன். ஆடி மாதம், சுவரில் துளை போடப்படாது என்றார். ஆடி முடிந்தது. தென்னோலை விழுந்தால் வயர் அறுந்திடும் என்றார், அங்கிருந்து 1978 நவம்பர் சூறாவளிக்குப் போய், எத்தனை தென்னை சரிந்தது என்று சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. வாடகை நாள் தவறாமல் கொடுக்கிறேன், என்னில் என்ன குறை கண்டார் என்று மனம் சுட்டது.

கடைசியில் அன்ரிதான் கிணற்றடியில் வைத்து என் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். “அவரிட்ட கேட்டு என்ன செய்ய மனே? மேல் வீடு மகளுக்கு எழுதினதெல்லோ.”

மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. எங்கள் பக்கம் வீடு சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போவது நான் அறியாததா? திருக்கோவிலில் எங்களுக்கு இருக்கும் வீடே மனைவியின் பெயரில்தான். வாடகை வாங்குகிற கையும் வீட்டு உறுதிப் பத்திரத்தில் உள்ள பெயரும் வேறுவேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாவம் ஐயா, “என்னால் கையெழுத்துப் போட ஏலாது” என்று வாடகைக்காரனிடம் சொல்ல அவருக்கு ஒரு மாதிரி.

ஐயாவின் மகள் சுவிஸில். வட்ஸ்அப்பில் பேசினோம். அவ எதிர்க்கவே இல்லை, ஆனால் நல்ல கேள்விகள் கேட்டா. பில் யார் பெயரில், போகும்போது யார் நிறுத்துவது, துளை எந்தப் பக்கம். மற்றது, மின்னல். முன்பு ரெலிபோன் வயரால் இடி இறங்கி போனும் டீவியும் எரிந்த வீடு இது. “அண்ணா, திரும்ப ஒரு வயர் எண்டா அம்மா பயப்படுவா.” பழையது செம்புக் கம்பி, அது மின்சாரத்தைக் கடத்தும், பைபர் கண்ணாடி, கடத்தாது என்று விளக்கினேன். ரவுட்டருக்குக் கரண்ட் வயர் போகிறதுதானே, அதனால் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும் என்றும் மறைக்காமல் சொன்னேன். அதன் பிறகுதான் அவ நம்பின மாதிரி இருந்தது.

கடிதம் நாலு வரி. வீட்டு முகவரி, என் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், இணைப்பு எடுக்க ஆட்சேபனை இல்லை, பில் என் பொறுப்பு. அவ கையெழுத்திட்டு மின்னஞ்சலில் அனுப்ப, கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

லைன் இழுக்க வந்த பொடியன் ஏணியில் நின்று, வயரோடு ஒட்டியிருந்த இரும்புக் கம்பியைப் பிரித்துக் கூரையோரக் கொக்கியில் சுற்றிக் கட்டி, மிச்சத்தை வெட்டிவிட்டான். உள்ளே வந்தது நூல் மாதிரி ஒரு கறுப்பு வயர். நுனியை உரித்துக் காட்டினான். உள்ளிருக்கும் கண்ணாடி இழை 125 மைக்ரோன், தலைமயிர் அளவு. பிறகு டிரில்லைக் கையில் எடுத்தவன் ஜன்னல் நிலையோரம் பெயின்ற்றைச் சுரண்டினான். பழைய ரெலிபோன் வயர் வந்த துளை அங்கேயே இருந்தது! மூன்று வாரம் நாங்கள் பேசிய துளை. டிரில் பெட்டிக்குள் திரும்பப் போனது.

காத்தான்குடியிலிருந்து:

எங்களுக்கு வீட்டுக்கார ராத்தா ஒரே சொல்லில் சம்மதம். பிரச்சினை பக்கத்து வளவு. வயர் அவர்களுடைய மதிலுக்கு மேலால் போக வேண்டும், அந்த வளவுக்காரர் மேல்மாடி கட்டப் போகிறாராம். இந்த ஊரில் வீடுகள் தோளோடு தோள், வயருக்கு வேறு வழியில்லை. கடைசியில் எங்கள் செலவில் ஒரு ஜீஐ இரும்புப் பைப் நட்டு உயர்த்தினோம். ஆக, வயர் வரும் பாதையை முதலில் நடந்து பாருங்கள், அனுமதி ஒருவரிடம் மட்டும் கேட்டால் போதாது. ராத்தாவின் சம்மதத்துக்கும் ஒரு விலை இருந்தது, பாஸ்வேர்ட். ராத்தாவின் பிள்ளைகள் மூன்று பேர், எங்கள் டேட்டா மாதம் இருபதாம் தேதியோடு சரி. இப்போது அவர்களுக்கு கெஸ்ட் வைஃபை தனியாக வைத்து வேகத்தைக் குறைத்திருக்கிறேன். ராத்தா இதை வாசிக்க மாட்டா என்று நம்புகிறேன்.

அம்பாறை டவுனிலிருந்து:

எனக்கு வாய்ச்சொல்லில் அனுமதி கிடைத்தது. வீட்டுக்காரர் சிங்களவர், நல்ல மனுசன், தேத்தண்ணி தந்து “அவுலக் நே”, பிரச்சினை இல்லை என்றார். வீட்டை விடும்போது அவருடைய மகன் வந்து துளையைக் காட்டி அட்வான்ஸில் கழித்துவிட்டான். மனுசனும் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தார். கடிதம் எழுதுங்கள், துளை போட முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள்.

கல்லடியிலிருந்து மறுபடி:

கெஸ்ட் வைஃபை யோசனைக்கு நன்றி, தேவைப்படும் போலிருக்கிறது. நேற்றுப் பின்னேரம் ஐயா படியேறி வந்தார். எங்கள் சோபாவிலிருந்து சுவிஸுக்கு வீடியோ கோல் எடுத்து, பேரப்பிள்ளை வெட்டாமல் கொள்ளாமல் தெரிய, அரை மணித்தியாலம் கதைத்தார். இறங்கப் போகும்போது, “தம்பி, கீழயும் இப்பிடி ஒண்டு இழுக்கலாமா?” என்றார்.

கீழ் வீடு யாருடைய பெயரில் என்று கேட்டேன். படியிலேயே நின்று கொஞ்சம் யோசித்தார்.

“அன்ரியிட்டக் கேட்டுப் பாக்கன்.”