எதை நேரா விதைக்கலாம், எதை நாத்து விடணும்? (ஆடிப்பட்டம், தண்டையார்பேட்டை)

மாடிவெயில்:
வீட்டுக்குப் பின்னாடி பத்தடிக்கு நாலடி மண் இருக்கு. வெண்டை, பாகல், முள்ளங்கி, அரைக்கீரை, கொத்தமல்லி, தக்காளி, மிளகாய் விதை வாங்கியாச்சு. எல்லாத்தையும் நேரா மண்ணுல போட்டுடலாமா? போர் தண்ணி உப்பு கரிக்கும்.

வெண்டைக்காரர்:
தக்காளி, மிளகாய் ரெண்டையும் ட்ரேயில போடுங்க. தக்காளியை 25 நாள்லயும் மிளகாயை 35, 40 நாள்லயும் எடுத்து நடலாம். மத்தது எல்லாம் நேராதான்.

வெண்டைக்கு ஆணிவேர், பிடுங்கி நட்டா வாடி நிக்கும். ராத்திரி ஊறவெச்சு, குழிக்கு ரெண்டு விதை, 2 செ.மீ. ஆழம், செடிக்குச் செடி ஒரு அடி. ரெண்டும் முளைச்சா நோஞ்சானை மண் மட்டத்துல கிள்ளுங்க. பிடுங்கினா பக்கத்துச் செடி வேரும் ஆடிடும்.

பாகலுக்குத் தோல் கெட்டி. ஒரு நாள் ஊறவெச்சு ஈரத்துணியில முடிஞ்சு வைங்க. வெள்ளையா முளை எட்டிப் பாத்ததும் முளை கீழே இருக்கற மாதிரி ஊன்றுங்க. முள்ளங்கியை மாத்தி நட்டா கிழங்கு கோணிக்கும், ரெண்டா பிரியும். அரை அங்குல ஆழத்துல போட்டு, பத்தாம் நாள் நாலு விரல் இடைவெளிக்குக் கலைச்சு விடுங்க. கலைச்ச தளிர் சாம்பாருக்கு ஆகும்.

கீரைப்பாத்தி:
அரைக்கீரை விதையை அப்படியே தூவினா ஒரே இடத்துல கொட்டிடும். ஒரு ஸ்பூன் விதைக்கு நாலஞ்சு ஸ்பூன் காஞ்ச மணல் கலந்து தூவி, கையால லேசா தடவி விடுங்க, போதும். ஆழமா புதைஞ்சா முளைக்காது. பூவாளியில தண்ணி விடுங்க. டியூப்ல அடிச்சா விதை எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிடும். எறும்பு இழுத்துட்டுப் போகும், பாத்தியைச் சுத்தி ரவையைத் தூவுங்க, அதைத் தூக்கிட்டுப் போகட்டும்.

உப்புத் தண்ணிதான் பெரிய தலைவலி. மேல் மண் காயக் காய உப்பு அங்கேயே படியும், விதையும் அங்கேதான் கிடக்கு, அதால தண்ணி இழுக்க முடியாது. நாலு இலை விடற வரைக்கும் மெட்ரோ தண்ணியே (குடிநீர் வாரியம் விடறது) ஊத்துங்க. அப்புறம் போர் தண்ணி விட்டாலும் அடிக்கடி தெளிக்காம, இறங்கற அளவு ஒரே தடவையா விடுங்க. பாலக்கீரை பீட்ரூட் குடும்பம், உப்பைத் தாங்கும். அதையும் ஒரு வரிசை போடலாம்.

மாடிவெயில்:
கொத்தமல்லியை யாருமே சொல்லலையே?

கீரைப்பாத்தி:
அது நேரா விதைக்கறதுதான், ஆனா இப்போ வேண்டாம். இந்த வெயில்ல சரியா முளைக்காது, முளைச்சாலும் இலை விடாம பூவுக்கு ஓடிடும். கார்த்திகை மழை ஓய்ஞ்சதும் போடுங்க. செருப்பால தேய்ச்சு விதையை ரெண்டா உடைச்சுக்கங்க, தூளாக்கிடாதீங்க. பத்து நாள் ஆகும், அதுக்குள்ள வரலைன்னு கிளறாதீங்க.

வெண்டைக்காரர்:
அந்த இடம் சும்மா கிடக்க வேண்டாம், வெந்தயம் தூவுங்க. மூணாம் நாள் முளைச்சிடும்.