சீசர் நாடகத்தில் மணி அடித்தது யார்?

கரும்பலகை:
நேற்று வேறொரு இழையில் வரலாற்றுப்பித்தன் ஐயா ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "ஜூலியஸ் சீசர் நாடகத்தைப் பத்தாம் வகுப்புக்கு நடத்துவது வீண். இரண்டாம் அங்கத்தில் கடிகாரம் மூன்று அடிக்கிறது. ரோமில் ஏது மணி அடிக்கும் கடிகாரம்? தப்பைப் படித்துப் பிள்ளைகள் எதைக் கற்கும்?" இதுதான் தீர்ப்பு. 18 வருடமாக ஐசிஎஸ்இ வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். ஒரு கடிகாரத்துக்காக ஷேக்ஸ்பியரின் 5 அங்கத்தையும் குப்பையில் போடச் சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். சீசரைக் கொல்லத் திட்டமிடும் சதிகாரர்கள் விடியும் முன் தங்களில் ஒருவனான புரூட்டஸின் வீட்டில் கூடியிருக்கிறார்கள். கலைந்து போக வேண்டிய நேரம். மணி அடிக்கிறது. அவ்வளவுதான்.

வரலாற்றுப்பித்தன்:
அவ்வளவுதான் என்றால் ஆயிற்றா? சீசர் செத்தது கி.மு. 44. மணி அடிக்கும் எந்திரக் கடிகாரம் ஐரோப்பாவில் பரவியது 14ஆம் நூற்றாண்டில். ராஜராஜ சோழன் கையில் வாட்ச் தெரிந்தால் முதல் ஆளாகச் சிரிப்பவர் நீங்கள்தான். வெள்ளைக்காரன் எழுதினால் மட்டும் "அவ்வளவுதான்".

தூயதமிழ்_வேல்:
இருவரும் முதலில் அவர் பெயரைத் தமிழில் எழுதப் பழகுங்கள். செகப்பிரியர்.

பொண்ணோட_அம்மா:
சிரிக்காதீர்கள். என் மகள் வரலாற்றுப் பரீட்சையில் "ரோமானியர்கள் மணிக்கூண்டு கட்டினார்கள்" என்று எழுதி மார்க்கைக் கோட்டை விட்டாள். ஏண்டி என்றால் "இங்கிலீஷ் மிஸ் நடத்தினாங்க" என்கிறாள். பித்தன் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கரும்பலகை:
அம்மா, அது அந்த மிஸ்ஸின் தப்பு. நான் அந்த இடம் வந்ததும் நிறுத்திக் கேட்பேன்: "இதில் என்ன இடிக்கிறது?" அரைமணி நேரம் பிள்ளைகள் வேட்டையாடும். சதிகாரன் காஸ்கா பேசும்போது சீசர் போட்டிருப்பது ரோமானியர் உடம்பில் சுற்றிக்கொள்ளும் டோகா இல்லை, லண்டன்காரனின் டப்ளெட் சட்டை. நான்காம் அங்கத்தில் புரூட்டஸ் புத்தகத்தில் தாளை மடித்து வைத்த இடத்தைத் தேடுகிறான். ரோமில் சுருள்தானே? இதையெல்லாம் கண்டுபிடித்த பிள்ளை ஏன் மணிக்கூண்டு கட்டப் போகிறது?

சரி, நடத்துவது என்றால் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா (கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்). மூன்றாம் அங்கத்தில் சீசரைக் கொன்றதற்கு புரூட்டஸ் மக்கள் முன் உரைநடையில் காரணம் அடுக்கிவிட்டு இறங்குகிறான். சீசரின் நண்பன் ஆண்டனி செய்யுளில் ஆரம்பிக்கிறான். "புரூட்டஸ் மாண்புமிக்கவர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அந்தச் சொல்லையே வசையாக்குகிறான். நான் "மாண்புமிகு புரூட்டஸ் அவர்கள்" என்று தமிழில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. ஏன் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் என் பழைய சால்வையில் கத்தரிக்கோலால் ஓட்டை போட்டு சீசரின் மேலாடை என்று ஆண்டனியாக நடித்த பையனிடம் கொடுத்தேன். "இது காஸியஸின் கத்தி புகுந்த இடம், இது காஸ்கா கிழித்தது, இது புரூட்டஸ்" என்று விரலை விட்டு விட்டுக் காட்டினான். மற்றவர்கள் பெஞ்சைத் தட்டி "கொளுத்து, கொளுத்து" என்று கத்தல். அப்போது கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், கொலை நடந்தபோது ஆண்டனி அங்கே இல்லையே. சதிகாரன் டிரெபோனியஸ் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டானே. எந்த ஓட்டை யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?" கத்தின வாய் அத்தனையும் மூடிக்கொண்டது. இதை எந்த வரலாற்றுப் புத்தகத்தை வைத்து நடத்துவீர்கள், பித்தன் ஐயா?

வரலாற்றுப்பித்தன்:
கதை நன்றாக இருக்கிறது. கடிகாரம்?

டெக்சாஸ்_மாமா:
இங்கே என் பையனுக்கும் பத்தாவதில் இதே நாடகம்தான். 1937இல் நியூயார்க்கில் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் முசோலினி காலத்து உடையில் சீசரை மேடை ஏற்றினார். ரோமில் ஏது அந்த உடுப்பு என்று சொல்லி யாரும் நாடகத்தை ஒதுக்கவில்லை. 2017இல் அதே ஊர் சென்ட்ரல் பார்க்கில் சீசரை டிரம்ப் சாயலில் காட்டியபோதுதான் பெரிய ரகளை.

பொண்ணோட_அம்மா:
அரசியல் வேண்டாம் அண்ணா. போன தடவையும் நீங்கள் இப்படித்தான் ஆரம்பித்தீர்கள், இழையையே பூட்டிவிட்டார்கள்.

டெக்சாஸ்_மாமா:
பூட்ட வைத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வரலாற்றுப்பித்தன்:
கடிகாரம் மட்டுமா? சீசரின் வாழ்க்கையை எழுதிய பழங்கால ஆசிரியர்கள் புளூட்டார்க், சுவெட்டோனியஸ் இருவருமே 23 காயம் என்கிறார்கள். நாடகத்தில் 33. கொலை நடந்தது ரோமானியத் தளபதி பாம்ப்பே கட்டிய மண்டபத்தில். நாடகத்தில் கேப்பிடல். "நீயுமா புரூட்டஸ்" என்பதற்கும் ஆதாரம் இல்லை. முதல் குத்தில் ஒரு முனகல், அதோடு சரி என்கிறார் சுவெட்டோனியஸ். ஆனால் இவற்றை விடுங்கள். கடிகாரத்துக்குப் பதில் வரட்டும்.

கரும்பலகை:
சிலப்பதிகார இழையில் பாண்டிமாதேவி சிலம்பில் மாணிக்கம், கண்ணகி சிலம்பில் முத்து என்று மாற்றி எழுதிவிட்டு மூன்று நாள் தலைமறைவானவர் காயத்தை எண்ணுகிறார்! கேளுங்கள். அதே காட்சியின் தொடக்கத்தில் புரூட்டஸ் என்ன சொல்கிறான்? நட்சத்திரத்தைப் பார்த்து விடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியவில்லை என்கிறான். அடுத்து, நாளை மார்ச் 15தானா என்று நாள்காட்டியைப் பார்த்து வரப் பையனை அனுப்புகிறான். அந்த நாள்காட்டியைச் சீர்படுத்தியது சீசரேதான். நாடகம் லண்டன் குளோப் அரங்கில் நடந்த 1599இல் இங்கிலாந்து அதே ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. கத்தோலிக்க நாடுகள் பல 1582இலேயே புதிய கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறத் தொடங்கிவிட்டன. தேதி, மணி என்பதே அன்றைய லண்டன்காரனுக்குத் தகராறான விஷயம். அந்த மணியை வேண்டுமென்றே அடிக்க விட்டார் என்பது என் கட்சி.

இன்னொன்று. ராபன் தீவுச் சிறையில் மண்டேலா, "கோழைகள் சாவதற்கு முன்பே பலமுறை சாகிறார்கள்" என்ற சீசரின் வரிக்குப் பக்கத்தில் 1977 டிசம்பர் 16 என்று தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். மணி அடித்ததே என்று புத்தகத்தை மூடி வைக்கவில்லை.

வரலாற்றுப்பித்தன்:
அந்த வரி இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. அதே காட்சியில் சீசர் மணி என்ன என்று கேட்க, "எட்டு அடித்தாயிற்று" என்கிறான் உங்கள் மாண்புமிகு. ஆக மொத்தம் 11 அடி. நன்றி.

தூயதமிழ்_வேல்:
யூலியசு சீசர். யாரும் காதில் வாங்கவில்லை.

கரும்பலகை:
வேல் தம்பி, "யூலியசு" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வகுப்பில் ஒருத்தனும் திரும்ப மாட்டான். போய் வேறு வேலை பாருங்கள்.

தூயதமிழ்_வேல்:
மொழிப்பற்று இல்லாதவர் ஆசிரியர். விளங்கும்.

பத்து_பி_பிரிவு:
அண்ணா, அக்கா, எனக்குத் திங்கட்கிழமை பரீட்சை. டிரெபோனியஸும் குத்தினானா, இல்லையா?

கரும்பலகை:
ரோமில் கி.மு. 159இலேயே பொது நீர்க்கடிகாரம் இருந்தது, பித்தன் ஐயா. தெரியுமா?

வரலாற்றுப்பித்தன்:
தெரியும். நீர்க்கடிகாரம் டாங் டாங் என்று அடிக்குமா?

கரும்பலகை:
எண்ணிப் பார்க்கச் சொன்னவன் புரூட்டஸ். மூன்று என்றவன் காஸியஸ். அவர்களைக் கேளுங்கள்.

பொண்ணோட_அம்மா:
என் மகளுக்குப் போன மார்க்கை யார் தருவார்கள்?

வரலாற்றுப்பித்தன்:
அடிக்குமா, அடிக்காதா?