பாட்டி கொடுத்த மைலோ டின்: எந்தக் காசுக்கு மதிப்பு, அவரிடம் என்ன சொல்வது?

சிப்புட் மளிகை எழுதியது:

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை. அப்பா காலத்திலிருந்து சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள்தான் வாடிக்கை. பால்மரம் என்கிற ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்தில் இருந்தவர்கள் தாமான் வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் சாமான் வாங்க இன்னும் இங்கேதான் வருகிறார்கள்.

சில்லறை நிறையப் புழங்கும் கடை இது. கோயில் உண்டியல் எண்ணியதும் நிர்வாகத்தார் காசைக் கொண்டுவந்து நோட்டாக மாற்றிக்கொண்டு போவார்கள். தீபாவளிக்கு முன்பு பிள்ளைகள் உண்டியலை உடைப்பார்கள். இரவில் கல்லாவை மூடும்போது காசுகளைப் புரட்டிப் பார்ப்பது என் பழக்கம். நாடாளுமன்றக் கட்டடம் போட்ட பழைய 10 காசும் 20 காசும் இன்னமும் வருகின்றன. சில நேரம் கடல்குதிரை போட்ட சிங்கப்பூர் 10 காசும் கலந்து வரும். இதெல்லாம் யார் கையிலிருந்து வந்தது என்று தெரியாது. பிடித்ததை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு ஈடான காசைக் கல்லாவில் போட்டுவிடுவேன்.

இப்போது வந்திருப்பது அப்படியல்ல. எங்கள் வாடிக்கையான ஒரு பாட்டி, வயது எண்பதுக்கு மேல், தாத்தா சேர்த்து வைத்திருந்த மைலோ டின் ஒன்றைக் கொண்டுவந்தார். இருவரும் ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். டின்னில் உள்ள காசுக்கு அரிசியும் எண்ணெயும் சாடினும் வேண்டும் என்றார். செல்லுகிற காசை எண்ணி, அந்தத் தொகைக்குச் சாமான் கட்டிக் கொடுத்தேன். ராஜா தலை, ராணி தலை போட்டவை, நாலு மூலைச் செப்புக் காசு, ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு எல்லாம் மிச்சம் இருந்தன. "அதெல்லாம் செல்லாது தம்பி, நீயே வெச்சிக்க. வீட்டுல இருந்தா பேரப்பிள்ளைங்க வாயில போட்டுக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த டின்னில் இருந்த எதையும் நான் கல்லாவில் கலக்கவில்லை. எல்லாம் அப்படியே தனியாக இருக்கின்றன. செல்லுகிற காசுகளில் 1971 என்று போட்ட ஒரு 20 காசு இருக்கிறது. செல்லாத பங்கில் 1939, 1943, 1948 என்று ஆறாம் ஜார்ஜ் தலை போட்டவை பல. 'ஒரு ரிங்கிட்' என்று பெரிய காசு ஒன்று, அதில் 1877–1977 என்று இருக்கிறது.

கேட்க வேண்டியது இரண்டு. இவற்றில் உண்மையாகவே மதிப்புள்ளவை எவை? டிக்டாக்கில் சொல்வதை வைத்துக்கொண்டு பாட்டியிடம் போய் நிற்க எனக்கு மனமில்லை. ஆயிரக்கணக்கில் கிடைக்கும் என்று நம்ப வைத்து, பிறகு இல்லை என்றால் பாவம். அடுத்தது, அவர் வேண்டாம் என்று கொடுத்ததை இனி யாருடையது என்று எடுத்துக்கொள்வது?

—

பழைய கிராணி எழுதியது:

தம்பி, நான் கோலகங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். சம்பள நாளில் காசு எண்ணி எண்ணிப் பழகிய கை. காசு சேர்க்கும் ஆசையும் அங்கேதான் பிடித்தது. டின்னை அப்படியே ஒதுக்கி வைத்தீர்களே, அதுவே பாதி வேலை.

முதலில் ராஜா தலை. மலாயா என்று எழுதியிருக்கும் இவற்றில் முகத்தைவிட ஆண்டுதான் முக்கியம். 5, 10, 20 காசுகளை எடுத்துக்கொண்டால், 1939, 1941 ஆண்டுக் காசுகளில் ஆயிரத்துக்கு 750 பங்கு வெள்ளி. போர்க்காலத்தில் அதைக் குறைத்து, 1943, 1945 காசுகளில் 500 பங்காக்கிவிட்டார்கள். 1948 முதல் வந்தவை செம்பும் நிக்கலும் கலந்தவை, வெள்ளி துளியும் கிடையாது. பார்ப்பதற்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். தலையைச் சுற்றியுள்ள எழுத்தையும் படித்துப் பாருங்கள். 1945 வரையிலான காசுகளில் ஜார்ஜ் மன்னர் 'இந்தியாவின் பேரரசர்'. இந்தியா 1947இல் விடுதலை அடைந்த பிறகு அடித்த காசில் அந்தப் பட்டம் இல்லை. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்கள் இங்கே கூலி வாங்கிய காசிலும் அந்தப் பட்டம்தான் இருந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு என்னவோ செய்யும்.

ராணி தலை போட்டவை மலாயாவும் பிரிட்டிஷ் போர்னியோவும் சேர்ந்து வெளியிட்டவை. நிறைய அடித்தார்கள், நிறையக் கிடைக்கின்றன. 1969 ஜனவரி 16க்குப் பிறகு இவை செல்லாமல் போயின, வங்கியில் மாற்ற வழியில்லை. சேகரிப்பவர் வாங்குவார், ஆனால் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். நாலு மூலைக் காசும் அப்படித்தான். தேயாமல் செம்பு நிறம் மங்காமல் இருந்தால் மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். வாழைமர நோட்டை நாடு முழுக்க வீட்டுக்கு வீடு பெட்டியில் வைத்திருந்தார்கள். 1945இல் ஜப்பான்காரன் தோற்றதும் அது வெறும் காகிதமாகிவிட்டது. கசங்கிய நோட்டுக்கு இன்றும் அற்ப விலைதான்.

இனி நம் நாட்டுக் காசு. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1967 ஜூன் 12இல் மலேசியப் பணத்தை வெளியிட்டது. நாடாளுமன்றக் கட்டடம் போட்ட காசு அதிலிருந்து 1988 வரை. 1989இல் செம்பருத்தி வந்தது, பின்பக்கம் பம்பரம், பல்லாங்குழி, வெற்றிலைப் பெட்டி, நிலாப் பட்டம் என்று. 2012இல் 20, 50 காசு பொன்னிறமாக மாறின. நாடாளுமன்றக் காசு என்பதாலேயே மதிப்பு வந்துவிடாது. பெரும்பாலானவை அதில் போட்ட விலைக்குத்தான் போகும். ஆனால் 1971ஆம் ஆண்டு 10, 20 காசுகளைக் குறைவாக அடித்தார்கள். அவற்றைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் டின்னில் முக்கியமானது அந்த 20 காசுதான்.

அதனாலேயே அதில் ஏமாற்றும் அதிகம். வேறு ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 1 ஆக்கிவிடுவார்கள். பூதக்கண்ணாடி வைத்து அந்த 1ஐச் சுற்றிக் கீறல் இருக்கிறதா, மற்ற இலக்கங்களின் உயரத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள், புதிதில் 5.65 கிராம் இருக்கும். தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம். தாத்தாவின் டின்னில் பல காலம் கிடந்தது என்பதால் நல்லதாகவே இருக்கும் என்று நம்புகிறேன். ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

1 காசுகளைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் வந்தவை வெண்கலம், ஒட்டாது. 1973இல் இரும்புக்குச் செம்பு முலாம் பூசத் தொடங்கினார்கள், அது ஒட்டிக்கொள்ளும். 50 காசுக்கு விளிம்பைப் பாருங்கள். 1971 முதல் நாடாளுமன்ற 50 காசின் விளிம்பில் பேங்க் நெகாரா மலேசியா என்று பள்ளமாக எழுத்து ஓடும். எழுத்து விழாமல் வெளியே வந்தவையும் உண்டு, அவற்றுக்கு ஆள் இருக்கிறார்கள். அரம் போட்டு எழுத்தை ராவி எடுப்பவர்களும் இருப்பதால் எடையும் விட்டமும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த 1877–1977 காசை மட்டும் யாருக்கும் விற்கச் சொல்லாதீர்கள். அது இயற்கை ரப்பரின் நூறாண்டு நினைவுக் காசு. 1877இல் லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பதை எங்கள் கோலகங்சாரில் நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் இங்கே நிற்கிறது. சந்தையில் அந்தக் காசுக்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் பால் வெட்டிய மனிதர் எடுத்து வைத்த காசு அது.

யாருடையது என்று கேட்டீர்கள். பாட்டியுடையது. 'செல்லாது' என்று நம்பித்தான் கொடுத்தார், 'விலையில்லை' என்று தெரிந்து கொடுக்கவில்லை. சாமானுக்குக் கொடுத்த 20 காசுக்கும் இதே கணக்குதான்.

—

தைப்பிங் தேடல் எழுதியது:

கிராணி ஐயா சொன்ன விவரம் எல்லாம் சரி. கடைசியில் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ராஜா காசைத் திருப்பிக் கொடுங்கள், அது நியாயம். ஆனால் 1971 காசைப் பாட்டி 20 காசாகக் கொடுத்தார், நீங்கள் 20 காசுக்குச் சாமான் கொடுத்தீர்கள். அதே காசு கோயில் உண்டியலில் வந்திருந்தால் நிர்வாகத்தைக் கூப்பிட்டுக் கொடுப்பீர்களா? நாங்கள் மூட்டை மூட்டையாகச் சில்லறை மாற்றி வந்து இரவெல்லாம் ஆண்டு பார்க்கிறோம். நூற்றில் ஒன்று தேறுவதே அபூர்வம். கண் கெடப் பார்த்த உழைப்புக்கும் ஒரு பங்கு வேண்டாமா?

இன்னொன்று. கேட்கிற விலையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முகநூலில் யாரும் என்ன விலையும் போடலாம். ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். அதே ஆண்டு, அதே தேய்மானம் உள்ள காசோடு ஒப்பிடுங்கள்.

கடல்குதிரைக் காசைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூர்க் காசும் நம் காசும் ஒரே அளவு. 1973 வரை இரண்டு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று செல்லுபடியானது. சிங்கப்பூரில் அது இன்றும் செல்லும். மாற்று விலையில் நம் 10 காசைவிட மூன்று மடங்குக்கு மேல்.

—

நிபோங் திபால் அக்கா எழுதியது:

தம்பி, தயவு செய்து எதையும் கழுவாதீர்கள். பாட்டி கையில் திரும்பக் கொடுத்தாலும் இதை முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் நம் வீடுகளில் குத்துவிளக்குக்குப் போடுகிற புளியும் சாம்பலும் உடனே கைக்கு வந்துவிடும். எங்கள் லயத்துப் பக்கத்து வீட்டில் ராஜா காசை எல்லாம் பளபளவென்று தேய்த்துத் தட்டில் வைத்திருந்தார்கள். வாங்க வந்தவர் வெள்ளிக் காசை மட்டும் எடை போட்டு எடுத்துக்கொண்டு மற்றதைத் தொடவே இல்லை. அந்தக் கறுப்பு காசின் மேல் தானாகப் படிந்தது, அதைப் பார்த்துத்தான் தெரிந்தவர்கள் நம்புகிறார்கள்.

மலிவான பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். நம் வெக்கைக்கு அது வியர்த்துப் பச்சையாகப் பிசுபிசுவென்று காசில் ஒட்டும். காகிதச் சட்டம் வைத்த சின்ன உறைகள் கிடைக்கின்றன. விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படக் கூடாது.

தைப்பிங் தம்பிக்கு ஒரு வார்த்தை. உண்டியலில் போட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பாட்டி யார் என்று கடைக்காரருக்குத் தெரியும், எந்த வீடு என்றும் தெரியும். இரண்டும் எப்படி ஒன்றாகும்? அவர் நாளைக்கு மறுபடி அரிசி வாங்க அதே கடைக்குத்தானே வருவார்?

—

சிப்புட் மளிகை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுப் பார்த்தேன். 20 காசு 5.6க்குக் கொஞ்சம் மேல் காட்டியது. அந்த 1ஐச் சுற்றிக் கீறல் எதுவும் தெரியவில்லை. ராஜா காசில் 1939 குறைவு, 1943தான் அதிகம்.

தைப்பிங் அண்ணே, நீங்கள் சொல்லும் உழைப்பு எனக்கும் புரிகிறது. கல்லாவில் வருவதை நான் எடுத்து வைப்பதும் அதனால்தான். ஆனால் இந்த டின்னைப் பொறுத்தவரை அக்கா சொன்னதுதான் என் முடிவு.

கடை மூடிய பிறகு பாட்டி வீட்டுக்குப் போய், மகளும் இருக்கும்போது எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக் காட்டினேன். எந்த விலையும் சொல்லவில்லை. 'இது வெள்ளி, இது வெள்ளி இல்லை, இந்த ஒன்றுக்கு ஆள் தேடுவார்கள்' என்று மட்டும் சொன்னேன். பாட்டிக்கு 1971 காசில் அக்கறையே இல்லை. ரப்பர் காசைக் கையில் எடுத்து, இது சம்பளத்தில் வந்ததில்லை, தாத்தா பட்டணத்துக்குப் போய் யாரிடமோ கேட்டு வாங்கி வந்தது என்றார். அதை வைத்துக்கொண்டார். மற்றதை விற்றுப் பேத்தியின் படிப்புக்குக் கொடுக்கலாம் என்று மகள் சொல்கிறார். விற்கும்போது நானும் கூட வர வேண்டுமாம்.

யாரிடம் கொண்டுபோவது? ஈப்போவில் ஒருவர் போட்டோ அனுப்பினால் போதும், மொத்தமாக ஒரு விலை தருகிறேன் என்கிறார்.

—

பழைய கிராணி எழுதியது:

மொத்த விலைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மொத்தமாகக் கேட்கிறவருக்கு வேண்டியது அந்த ஒரு 20 காசாகத்தான் இருக்கும். மற்றதோடு சேர்த்தால் அதன் விலை அடியில் போய்விடும். வெள்ளிக் காசுகளை ஆண்டு வாரியாகப் பிரித்து, எடை எழுதி, அன்றைய வெள்ளி விலையைக் கணக்குப் போட்டு வையுங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். 20 காசைத் தனியாக, குறைந்தது மூன்று பேரிடம் நேரில் காட்டுங்கள். நாணயக் கண்காட்சி நடக்கும்போது போனால் ஒரே இடத்தில் பல வியாபாரிகள் இருப்பார்கள், விலை தானாகத் தெரிந்துவிடும். கோலாலம்பூர் போகிற வேலை இருந்தால் சாசானா கிஜாங்கில் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகம் இருக்கிறது. பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய காசுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள், வியாபாரியிடம் பேச அது உதவும்.

பட்டியலில் பாட்டியின் மகளைக் கையெழுத்துப் போடச் சொல்லி, ஒரு பிரதி அவர்கள் வீட்டிலும் இருக்கட்டும். விற்கப் போகிற அன்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள், கோலகங்சாரிலிருந்து நானும் வருகிறேன்.