முதல் போட்டிக்கு எத்தனை மேகசின் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிசுடுதல் கூட்டமைப்பு) முறை கைத்துப்பாக்கிப் போட்டிக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். பாதுகாப்புப் பயிற்சி முடிந்துவிட்டது. கையில் இருப்பது மாற்றம் எதுவும் செய்யாத 9 மி.மீ. பிஸ்டல் என்பதால் புரொடக்‌ஷன் பிரிவைத் தேர்ந்திருக்கிறேன்.

குழப்பம் மேகசினில்தான், அதாவது தோட்டாக்களை அடுக்கிப் பிஸ்டலில் செருகும் பெட்டியில். என்னுடையதில் 17 தோட்டாக்கள் கொள்ளும். ஆனால் தொடக்க ஒலி எழும்போது 15-க்கு மேல் இருக்கக் கூடாது. மறதியில் ஒன்று கூடிவிட்டால் மாற்றங்கள் செய்த துப்பாக்கிகளுக்கான ஓபன் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே 170 மி.மீ. நீள மேகசினும் ஒளிப்புள்ளிக் குறிநோக்கியும் வைத்திருப்பவர்களோடு நான் மல்லுக்கட்ட வேண்டும். நிரப்பும்போது எண்ணிக்கை தவறாமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நீண்ட ஸ்டேஜ் (போட்டியின் ஒரு சுற்று) ஒன்றில் 32 தோட்டாக்கள் வரை தேவைப்படலாம். இரண்டு மேகசின் சேர்ந்தால் 30தான், ஆக மூன்று கட்டாயம். குறி தவறும் (என் விஷயத்தில் அது உறுதி), மேகசின் மண்ணில் விழுந்து சிக்கிக்கொள்ளும். எனவே நான்கு போதுமா, ஐந்தாகவே வாங்கிவிடலாமா?

ஹோல்ஸ்டரும் (பிஸ்டல் உறை) மேகசின் உறைகளும் இடுப்பெலும்புக்குப் பின்னால், உடலிலிருந்து 50 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்று படித்தேன். எனக்குக் கொஞ்சம் தொப்பை உண்டு. அப்படிப்பட்டவர்கள் முதல் மேகசின் உறையை எந்தக் கோணத்தில் சாய்த்து வைக்கிறீர்கள்? வேகமாக எடுக்கும்போது பெல்ட் நழுவுகிறது; உள்பெல்ட், வெளிபெல்ட் என்று இரண்டு கட்டினால் சரியாகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.