தங்கச்சிக்கு டேப்லெட்டா ஈ-ரீடரா? கையில 1,500 வெள்ளிதான் (மலேசிய ரிங்கிட்) இருக்கு

சிப்புட்_அண்ணன்:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சிட்டு மெடிக்கல் லேப் டிப்ளோமாவுக்குப் போறா, ஈப்போல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும். அப்பா செம்பனைத் தோட்டத்துல மண்டோர் (கங்காணி), நான் ஃபேக்டரி வேலை. ரெண்டு பேரும் சேர்ந்து 1,500 வெள்ளி ஒதுக்கியிருக்கோம், அதுக்கு மேல சத்தியமா முடியாது. என்னோட பழைய லேப்டாப் ஒண்ணு இருக்கு, அசைன்மெண்ட் டைப் பண்ண அது போதும். படிக்கிறதுக்குன்னு தனியா டேப்லெட் வாங்கவா இல்ல அமேசானோட கிண்டில் மாதிரி, புத்தகம் படிக்கிறதுக்குன்னே இருக்கிற ஈ-ரீடர் வாங்கவா, அதான் கேள்வி. அவ கண்ணாடி போட்டவ, வருசா வருசம் பவர் ஏறிக்கிட்டே போகுது, அம்மா அதையே சொல்லிச் சொல்லி ஈ-ரீடர் வாங்குடாங்கறாங்க. அவளுக்கு டேப்லெட்தான் வேணுமாம், ஏன்னு கேட்டா எல்லாரும் வச்சிருக்காங்கன்றா. அதெல்லாம் ஒரு காரணமா? சுங்கை சிப்புட் பக்கம் யாராச்சும் ரெண்டையும் வச்சுப் பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க.

வாத்தியார்_ஓய்வு:
தம்பி, அம்மா சொல்றதக் கேளுங்க. நான் கிண்டில்லதான் படிக்கிறேன். 2016 கடைசியில தமிழ்ப் புத்தகங்களை அதுல விக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் எனக்கு வேற பொழுதுபோக்கே இல்லைன்னு வச்சுக்கோங்க. அந்த ஈ-இங்க் திரை டேப்லெட் திரை மாதிரி பின்னாலிருந்து வெளிச்சத்தைக் கண்ணுக்குள்ள அடிக்கிற ஜாதி கிடையாது. உள்ள கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி உருண்டை, ஒவ்வொண்ணுக்குள்ளயும் கருப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்குது, கரண்டு கொடுத்தா ஒண்ணு மேல வரும் இன்னொண்ணு கீழ போகும். பக்கம் மாறும்போது மட்டும்தான் கரண்டு செலவு, மத்த நேரம் எழுத்து அச்சடிச்ச மாதிரி அப்படியே நிக்கும். அதனாலதான் ஒரு தடவை சார்ஜ் போட்டா வாரக்கணக்குல வருது. வெயில்ல வாசல்ல உக்காந்தும் படிக்கலாம். டேப்லெட் கையில கொடுத்தா பாதி நேரம் டிக்டாக், மீதி நேரம் கேம். முப்பது வருசத்துக்கு மேல பிள்ளைங்களப் பார்த்தவன் சொல்றேன்.

லேப்_பொண்ணு:
ஐயா மன்னிக்கணும், ஆனா இந்தக் கோர்ஸுக்கு ஈ-ரீடர் சொல்றது கொஞ்சம் கூட ஒத்து வராது. நான் இதே கோர்ஸ்தான், மூணாவது செமஸ்டர். மைக்ரோபயாலஜில முதல்ல சொல்லித்தர்ற, கிருமிக்குச் சாயம் போட்டு வகை பிரிக்கிற கிராம் ஸ்டெய்ன்லயே கிராம் பாசிட்டிவ் கிருமி ஊதாவா தெரியும், கிராம் நெகட்டிவ் ரோஸ் கலரா தெரியும், வித்தியாசமே அந்தக் கலர்தான், கருப்பு வெள்ளை கிண்டில்ல ரெண்டும் ஒரே சாம்பல். திசுவ மைக்ரோஸ்கோப்ல பார்க்கிற ஹிஸ்டாலஜி ஸ்லைடும் அப்படித்தான், நியூக்ளியஸ் நீல ஊதா, மத்தது ரோஸ், அதை சாம்பல்ல பார்த்து என்னத்த படிக்கிறது? ரத்த செல்லு வகை பிரிக்கிறதும் கலர வச்சுத்தான். நாவல் படிக்கிறதுக்கு ஐயா சொல்றது நூத்துக்கு நூறு சரி. அண்ணன் தங்கச்சி நாவல் படிக்கப் போகலையே.

சட்டம்_படிக்கிறவன்:
கலர் ஈ-ரீடர் வந்தாச்சு தங்கச்சி, 2024லயே கோபோ லிப்ரா கலர் வந்துச்சு.

லேப்_பொண்ணு:
தெரியும் அண்ணே. அதுல கருப்பு வெள்ளை எழுத்து ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி, கலர் படம்னா 150தான், பாதி. கலரும் வெளுத்துப்போன மாதிரி இருக்கும். லேசான ரோஸும் லேசான ஊதாவும் அதுல பிரிச்சுக் காட்டும்னு நம்பி நான் எக்ஸாம் எழுத மாட்டேன். அதோட அது 7 இன்ச்.

கடைக்காரன்_தாமான்:
அந்த 7 இன்ச் மேட்டருக்கு வர்றேன், ஏன்னா கடைக்கு வர்ற பெத்தவங்க யாரும் இதை யோசிக்கிறதே இல்ல. லெக்சரர் கொடுக்கிறது எல்லாம் பிடிஎஃப், முக்கால்வாசி ஏ4 சைஸ். ஏ4 தாள மூலைக்கு மூலை அளந்தா 14.3 இன்ச் வரும். 7 இன்ச் திரைன்னா நேர் பாதி, தாள்ல 11 பாயிண்ட் எழுத்து அதுல அஞ்சரை பாயிண்ட்டா சுருங்கிப் போகும், மருந்து பாட்டில் ஒட்டுத்தாள் எழுத்து மாதிரி. கண்ணு பவர் ஏறுதுன்னு சொல்ற பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாமா? கதைப் புத்தகம் ஈபப் ஃபைலா வந்தா எழுத்தப் பெருசு பண்ணலாம், வரி தானா ஒழுங்காகும். பிடிஎஃப் அப்படி இல்ல, பெருசு பண்ணினா பக்கத்த இடமும் வலமும் இழுத்து இழுத்துப் பார்க்கணும், ஈ-இங்க் திரை மெதுவா வேற நகரும். எழுத்த மட்டும் பிரிச்செடுத்துக் காட்டுற வசதி இருந்தாலும் டேபிளும் ஃபார்முலாவும் கண்டபடி சிதறிடும்.

நான் டேப்லெட் விக்கிறவன், அதனால இப்படித்தான் சொல்வேன்னு நினைச்சா அளவுகோல எடுத்து நீங்களே அளந்து பாருங்க. 11 இன்ச் டேப்லெட்லயும் முழு ஏ4 வராது, பதினாறுக்கு பத்து திரைன்னா நிமிர்த்திப் பிடிச்சா அகலம் கிட்டத்தட்ட ஏ5 தாள்தான். ஆனா அது படிக்கிற அளவு.

வாத்தியார்_ஓய்வு:
பெரிய ஈ-ரீடரே இல்லாத மாதிரி பேசுறீங்களே. கிண்டில் ஸ்க்ரைப் 2022ல வந்துச்சு, 10.2 இன்ச், பேனாவோடயே வருது, பிடிஎஃப் மேலயே எழுதலாம்.

கடைக்காரன்_தாமான்:
இருக்கு ஐயா, இல்லைன்னு சொல்லல. புதுசு 1,500க்குள்ள வாங்குறது கஷ்டம். அமேசானுக்கு மலேசியாவுல கடை கிடையாது, இங்க விக்கிறவன் எல்லாம் இறக்குமதி பண்ணி விக்கிறவன், கெட்டுப்போனா வாரண்டிக்கு யார்கிட்ட போவீங்க? ஆன்லைன்ல ஒருத்தன் ஒரு வருசம் வாரண்டின்னு போட்டிருந்தான்னு வாங்கின ஆள் ஒருத்தர் என் கடையில வந்து நின்னார், விக்கிறவன் நம்பரையே மாத்திட்டான். அந்த 2022 ஸ்க்ரைப் படம் காட்டுறதும் கருப்பு வெள்ளையில, லேப் படிக்கிற தங்கச்சி சொன்ன ஊதா ரோஸ் பிரச்சனை அங்கயும் தீரல.

சட்டம்_படிக்கிறவன்:
என் பக்கம் வேற. சட்டம் படிக்கிறவனுக்குப் படமே கிடையாது, பக்கம் பக்கமா எழுத்து, எழுத்து, எழுத்து. எனக்கு 10 இன்ச் ஈ-இங்க்தான் சொர்க்கம், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தீர்ப்பு படிச்சாலும் தலைவலி இல்ல. 2014ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, தூங்கப் போறதுக்கு முன்னாடி ஐபேட்ல படிச்சவங்களுக்கும் அச்சுப் புத்தகத்துல படிச்சவங்களுக்கும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, ஐபேட் ஆளுங்களுக்குத் தூக்கம் லேட்டா வந்துச்சு, தூக்கம் வர வைக்கிற மெலட்டோனின் சுரப்பு குறைஞ்சுச்சு, காலையில எழுந்து மந்தமா இருந்தாங்க. ஹாஸ்டல்ல ராத்திரிதான் படிப்பாங்க எல்லாரும், அதனால வாத்தியார் சொல்றத அவ்வளவு சுலபமா தள்ளாதீங்க.

லேப்_பொண்ணு:
அந்த ஆய்வுல மொத்தமே 12 பேரு அண்ணே. வெளிச்சத்த முழுசா வச்சு, தூங்குறதுக்கு முன்னாடி நாலு மணி நேரம், தொடர்ந்து அஞ்சு ராத்திரி படிக்க வச்சாங்க. முழு பிரைட்னஸ்ல நாலு மணி நேரம் யாரு படிக்கிறா? குறைச்சு வச்சுக்கலாமே. கண்ணு வலிக்கிறதுல முக்கால்வாசி காரணம் திரையப் பார்க்கும்போது நாம கண்ண சிமிட்டுறது குறைஞ்சுபோறது, அது ஈ-ரீடர்ல உத்துப் பார்த்தாலும் நடக்கும். இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை தூரத்துல எதையாச்சும் பார்த்தா போதும். நீல வெளிச்சக் கண்ணாடின்னு கடையில காசு புடுங்குவான், அமெரிக்க கண் டாக்டர்கள் சங்கமே அது தேவையில்லைன்னு சொல்லிடுச்சு. பவர் ஏறுதுன்னா முதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க அண்ணே, திரைய மாத்தினா பவர் நிக்காது.

வாத்தியார்_ஓய்வு:
சரி ஆய்வுன்னு வந்துட்டா என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. 2018ல ஸ்பெயின்ல டெல்காடோங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 54 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க, 170,000 பேருக்கு மேல. காகிதத்துல படிச்சவங்களுக்குத்தான் நல்லா புரிஞ்சுச்சு, அதுலயும் நேரம் குறிச்சுப் படிக்கும்போது, பாடம் மாதிரியான விசயத்தப் படிக்கும்போது வித்தியாசம் தெளிவா இருந்துச்சு. ஈ-ரீடர் காகிதத்துக்குக் கிட்ட இருக்கிற பொருள். டேப்லெட் தூரத்துல இருக்கிற பொருள்.

சட்டம்_படிக்கிறவன்:
ஐயா நான் உங்க கட்சிதான், ஆனா அந்த ஆய்வு காகிதத்தையும் திரையையும்தான் ஒப்பிட்டுச்சு, ஈ-ரீடர் டேப்லெட்ட விட உசத்தின்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. கோர்ட்ல இப்படி வாதம் வச்சா எதிர் வக்கீல் விட மாட்டான் 😄 அதுல இருந்து நான் எடுத்துக்கிறது என்னன்னா எக்ஸாமுக்கு முக்கியமான பாடத்த பிரிண்ட் எடுத்துடணும்.

லேப்_பொண்ணு:
இன்னொண்ணு சொல்லணும், காலேஜ் பாடத்துக்கு ஈ-ரீடர்ங்கறத ஏற்கனவே பெரிய அளவுல சோதிச்சுப் பார்த்தாச்சு. 2009ல அமேசான் கிண்டில் டிஎக்ஸ்னு 9.7 இன்ச் ஒண்ண பிரின்ஸ்டன், அரிசோனா ஸ்டேட், ரீட் மாதிரி சில அமெரிக்கக் காலேஜ்ல பிள்ளைங்களுக்குக் கொடுத்தாங்க. பிரிண்ட் எடுக்கிறது குறைஞ்சுச்சு, ஆனா ஓரத்துல குறிப்பு எழுதக் கஷ்டம், பக்கத்த முன்ன பின்ன வேகமா புரட்ட முடியல, லெக்சரர் நாப்பதாம் பக்கம்னா இவங்களுக்குப் பக்க எண்ணே இல்லைன்னு பிள்ளைங்க புலம்பினாங்க. பார்வை இல்லாத மாணவருக்கு மெனுவ வாய்ஸ்ல படிச்சுக் காட்டலைன்னு அரிசோனா ஸ்டேட் மேல கேஸே போட்டாங்க.

வாத்தியார்_ஓய்வு:
அது பேனா இல்லாத காலம் அம்மா. 2009 சாமான வச்சு இன்னைக்கு உள்ளத அளக்காதே.

லேப்_பொண்ணு:
பேனா வந்துடுச்சு சரி ஐயா, வேகமா புரட்டுறது இன்னும் வரலையே. எக்ஸாமுக்கு முதல் நாள் நான் ஒரே நேரத்துல மூணு ஃபைலத் திறந்து வச்சு அங்க இங்க தாவிக்கிட்டு இருப்பேன். அதோட லைப்ரரி விசயம். எங்க காலேஜ் லைப்ரரில இரவல் எடுக்கிற மின்னூல் பாதி, காப்பி எடுக்க விடாம அடோபி பூட்டு போட்டது, கிண்டில்ல திறக்கவே திறக்காது. கோபோல திறக்கலாம், ஆனா கம்ப்யூட்டர் வழியா ஏத்தணும். டேப்லெட்ல ஆப் போட்டா முடிஞ்சது. பாடப் புத்தகம் விக்கிற விலைக்கு அந்த இரவல்தான் எங்களுக்குத் தெய்வம்.

சிப்புட்_அண்ணன்:
இதெல்லாம் யாரும் சொல்லலையே. தங்கச்சிகிட்ட சொல்லி சீனியர்கிட்ட இருந்து போன வருச நோட்ஸ் ஒரு செட் வாங்கச் சொன்னேன், வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கா. பார்த்தா எல்லாம் ஸ்லைடுதான், கலர் கலரா படம், ஓரத்துல கையால எழுதி அம்புக்குறி போட்டு வச்சிருக்காங்க. அப்ப பேனா இருக்கிற டேப்லெட்தான் வேணும் போல. இன்னொரு கேள்வி, நான் வாங்கினா வரில கழிக்கலாமாமே?

சட்டம்_படிக்கிறவன்:
வாழ்க்கைமுறை கழிவுன்னு 2,500 வெள்ளி வரைக்கும் இருக்கு, கம்ப்யூட்டர், ஹேண்ட்ஃபோன், டேப்லெட், புத்தகம், இன்டர்நெட் எல்லாம் அதுக்குள்ள வரும். ஆனா உங்களுக்கு, உங்க மனைவிக்கு, உங்க பிள்ளைக்கு வாங்கினாத்தான். தங்கச்சிக்கு அண்ணன் வாங்கினது அதுல வராது. அப்பா பேர்ல ரசீது போட்டா அப்பா கழிக்கலாம், அவர் சம்பளம் வரி கட்டுற அளவுக்கு இருந்தா. இல்லைன்னா அந்த ரசீதால ஒண்ணும் கிடைக்காது, கழிவுன்னா கையில காசு திரும்பக் கொடுக்கிறது இல்ல.

கடைக்காரன்_தாமான்:
பேனான்னு சொன்னதால ஒரு எச்சரிக்கை. விலை கம்மியா இருக்குன்னு சாம்சங் டேப் ஏ9 ப்ளஸ் எடுத்துடாதீங்க, 11 இன்ச், திரை பெருசு, படம் பார்க்க அருமை, ஆனா சாம்சங்கோட எஸ் பென் பேனா அதுல வேலை செய்யாது. ரப்பர் முனை பேனா வாங்கிச் சமாளிக்கலாம்னு யாராச்சும் சொல்வான், உள்ளங்கை பட்டாலே கோடு விழும், எழுதின மாதிரியே இருக்காது. டேப் எஸ்6 லைட் 10.4 இன்ச், பேனா பெட்டிக்குள்ளயே வருது, உங்க காசுக்கு அதைத் தேடிப் பாருங்க. ஐபேடும் ஆப்பிள் பேனாவும் சேர்த்தா உங்க பட்ஜெட் தாண்டிடும், அதுலயும் யூஎஸ்பி-சி பேனான்னு விக்கிறதுக்கு அழுத்திக் கோடு தடிப்பாக்குற வசதி கிடையாது, நோட்ஸ் எழுத அது பிரச்சனை இல்ல. செகண்ட் ஹேண்ட் ஐபேட் எடுத்தா ஆள நேர்ல பார்த்து பழைய ஆளோட அக்கவுண்ட் எடுத்தாச்சான்னு உங்க கண் முன்னாடி ரீசெட் பண்ணச் சொல்லுங்க. இல்லைன்னா வீட்டுக்கு வந்ததும் பூட்டிக்கிட்டு கிடக்கும்.

வாத்தியார்_ஓய்வு:
இந்தக் கோர்ஸுக்கு டேப்லெட்டுன்னே வச்சுக்குவோம். என் கவலை கலர் இல்ல தம்பி, கவனம். அஞ்சு மாசம் கழிச்சு அந்தப் பிள்ளை அதுல எவ்வளவு நேரம் பாடம் பார்த்துச்சு எவ்வளவு நேரம் வீடியோ பார்த்துச்சுன்னு செட்டிங்ஸ்ல திறந்து பாருங்க, அப்ப பேசுவோம்.

லேப்_பொண்ணு:
ஐயா அது ஃபோன்லயும் பார்க்கலாம், ஃபோன யாரும் புடுங்கப் போறதில்லையே 😅 அண்ணே, வாங்கின அன்னைக்கே நோட்ஸ் எல்லாம் டவுன்லோட் பண்ணி உள்ள வச்சுடச் சொல்லுங்க, லீவுல தோட்டத்துக்கு வந்தா லைன் கிடைக்காம கிளவுட்ல இருக்கிறதத் திறக்க முடியாது. மெமரி கார்டு போடுற இடம் இருக்கான்னும் பாருங்க.

சிப்புட்_அண்ணன்:
கடைக்கார அண்ணே, ஞாயித்துக்கிழமை கடை திறந்திருக்குமா? அவளக் கூட்டிட்டு வர்றேன், அந்த நோட்ஸையும் ஃபோன்ல எடுத்துட்டு வர்றோம், டேப்லெட்ல திறந்து எழுதிப் பார்த்துட்டுத்தான் காசு கொடுப்பேன்.

கடைக்காரன்_தாமான்:
திறந்திருக்கும், மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும். தாராளமா எழுதிப் பாருங்க. கவரும் திரைமேல ஒட்டுற கண்ணாடியும் சேர்த்து விலை பேசிக்கலாம்.