பேட்ச் படிக்கிறவர்கள்: லினக்ஸ் கர்னல் ரிவ்யூ அனுபவங்கள்

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு முதல் பேட்ச் (நிரலில் செய்த மாற்றத்தை மின்னஞ்சலில் அனுப்புவது) அனுப்பியது எப்படி என்று நம் ஆட்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அனுப்பிய பேட்சை உட்கார்ந்து படிக்கிறவர்களின் பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நான் அந்தப் பக்கத்து ஆள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்சார் டிரைவர்கள் (சிப்பைக் கர்னலோடு பேசவைக்கும் நிரல்கள்) வரும் ஐஐஓ பகுதியில் பேட்ச் படித்துக் கருத்து எழுதுவது என் மாலை நேர வேலை. ஆக்சிலரோமீட்டர், ஒளி சென்சார், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி சிப்புகள் எல்லாம் அங்கேதான் வரும். பேட்சை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் மெயின்டெய்னர் நான் இல்லை. என்னை யாரும் நியமிக்கவும் இல்லை. லினக்ஸ் கர்னலில் ரிவ்யூ செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. படித்துப் புரிந்துகொண்டு, உருப்படியாக ஒரு பதில் எழுதினால் போதும். இது பலருக்குத் தெரியாததால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய கர்னல் வெளியாகிறது. முதல் 2 வாரம் மெர்ஜ் விண்டோ. புதிய சரக்கெல்லாம் லினக்ஸைத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸின் மரத்துக்குள் (அவர் வைத்திருக்கும் மூலப் பிரதிக்குள்) அப்போதுதான் போகும். அப்புறம் ஆர்சி1 என்ற முதல் சோதனைப் பதிப்பு தொடங்கி ஆர்சி7 அல்லது ஆர்சி8 வரை திருத்தம் மட்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் 2,000 பேர் எழுதிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் உள்ளே போகின்றன. எழுத ஆள் கிடைத்துவிடுகிறது. அதைப் பொறுமையாகப் படிக்கத்தான் ஆள் பற்றவில்லை. பேட்ச் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் பதிலே இல்லையென்றால், பெரும்பாலும் யாரும் புறக்கணிக்கவில்லை, படிக்க நேரம் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

படிப்பதில் என்ன நடக்கிறது என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு ஒளி சென்சாருக்குப் புதிய டிரைவர் வந்தது. பார்க்கவே சுத்தமான கோடு (நிரல்). எழுதும் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவி ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. டிரைவர் சிப்போடு சேரும்போது ஓடும் ப்ரோப் ஃபங்ஷனில், எழுதியவர் முதலில் ரெகுலேட்டரை ஆன் செய்து சிப்புக்கு மின்சாரம் கொடுக்கிறார். அடுத்து ‘டெவ்எம்’ என்று தொடங்கும் ஃபங்ஷனை வைத்து இன்டரப்டை (சிப் கவனம் கேட்டு அனுப்பும் சைகை) பதிவு செய்கிறார். டெவ்எம் வகையில் எடுத்ததை நாம் கைப்பட விடுவிக்க வேண்டாம். டிரைவர் பிரியும்போது, எடுத்த வரிசைக்குத் தலைகீழாகக் கர்னலே விடுவித்துவிடும். டிரைவர் பிரியும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் ஒரே ஒரு வரி: ரெகுலேட்டரை ஆஃப் செய்.

தனித்தனியாகப் பார்த்தால் எந்த வரியிலும் தப்பு இல்லை. ஆனால் டெவ்எம் விடுவிப்பு நடப்பது ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகு. அப்படியானால் மின்சாரம் முதலில் போகிறது, இன்டரப்ட் அதற்கப்புறம் போகிறது. நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், மின்சாரம் இறங்கும்போது இன்டரப்ட் கம்பியில் ஒரு துடிப்பு வந்தால் போதும், இன்டரப்டுக்குப் பதில் சொல்லும் ஹேண்ட்லர் ஓடிப்போய் உயிரில்லாத சிப்பிடம் ரெஜிஸ்டரைப் படிக்கும். போர்டைப் பொறுத்துப் பிழைச் செய்தி வரலாம், சிப்போடு பேசும் இணைப்பான பஸ் அப்படியே நின்றுவிடலாம், ஒன்றுமே ஆகாமலும் போகலாம்.

அந்த ஒரு வரிக்குக் கீழேயே பதில் எழுதினேன். எது முதலில் போகிறது, எது அப்புறம் போகிறது என்று வரிசையாக விளக்கி, ரெகுலேட்டரையும் டெவ்எம் வகையிலேயே எடுத்தால் வரிசை தானாகச் சரியாகிவிடும் என்று சொன்னேன். மறுநாள் அவரிடமிருந்து பதில் வந்தது. போர்டில் பலமுறை டிரைவரை ஏற்றி இறக்கிப் பார்த்ததாகவும், இப்படி ஒருமுறைகூட வரவில்லை என்றும், ஆனால் வரக்கூடும் என்று இப்போது புரிகிறது என்றும் எழுதியிருந்தார். அடுத்து வந்த வி2-வில் (பேட்சின் இரண்டாம் வடிவத்தில்) ரிமூவ் ஃபங்ஷனே இல்லை. எழுத வேண்டிய கோடு குறைந்து, பிழைக்கான இடமும் சேர்ந்தே போய்விட்டது. ‘ரிவ்யூட்-பை’ கொடுத்தேன்.

அந்த ரிவ்யூட்-பை வரி பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ‘ஆக்ட்-பை’ என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்ற அளவுதான். முழுவதையும் வரி வரியாகப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ரிவ்யூட்-பை கொடுத்தால், தொழில்நுட்ப ரீதியாக இதைப் படித்து ஆராய்ந்தேன், கேட்டதற்கெல்லாம் பதில் கிடைத்தது, இது உள்ளே போகத் தகுதியானது என்று நான் நம்புகிறேன் என்று அர்த்தம். கர்னல் ஆவணத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் நிரந்தரமாக நிற்கும். நாலு நாளில் நாற்பது ரிவ்யூட்-பை கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அதை நம்பித்தான் மெயின்டெய்னர் பேட்சை எடுக்கிறார்.

நான் அதிகம் கேட்கும் கேள்வி: ‘இந்த எண் எங்கிருந்து வந்தது?’ ஒரு பேட்சில் சிப்பை ரீசெட் செய்தபின் 10 மில்லி நொடி காத்திருக்கும்படி ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மாற்றத்தோடு சேர்ந்து வரும் விளக்கமான கமிட் செய்தியில் ‘டிரைவர் வேலை செய்யாத சிக்கலைச் சரிசெய்கிறது’ என்று மட்டும் இருந்தது. சிப்பின் விவர ஆவணமான டேட்டாஷீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தேடிப் பார்த்ததில், ரீசெட் முடிந்ததும் சிப்பே ஒரு ஸ்டேட்டஸ் பிட்டை ஏற்றிவிடும் என்று அங்கே போட்டிருந்தது. காத்திருப்பு வரி போய், அந்தப் பிட்டைப் பார்க்கும் கோடு வந்தது. 10 என்பது அவர் மேசையில் இருந்த போர்டுக்கு மட்டும் பொருந்திய எண். கோடு என்ன செய்கிறது என்பது படித்தாலே தெரியும். ஏன் செய்கிறது என்பதைக் கமிட் செய்தி சொன்னால்தான் 5 வருடம் கழித்துத் திறக்கிறவருக்குப் புரியும். அந்த ‘ஏன்’ வாங்குவதற்குத்தான் நான் பாதி நேரம் செலவழிக்கிறேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் எதிர்ப்பக்கத்தில், பேட்ச் அனுப்புகிறவளாகத் தொடங்கியவள்.

கல்லூரிக் கடைசி ஆண்டில் ஸ்டேஜிங் பகுதியில் பேட்ச் அனுப்ப ஆரம்பித்தேன். தரம் இன்னும் தேறாத டிரைவர்களை வைத்திருக்கும் இடம் அது. மூத்த மெயின்டெய்னரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் பார்த்துக்கொள்கிறார். புதியவர்கள் பழகுவதற்கு ஏற்ற இடம். என்னோடு தொடங்கிய தோழி அனுப்பிய பேட்சுக்கு முதலில் வந்தது கிரெக்கின் பாட் (தானாகப் பதில் அனுப்பும் நிரல்) அனுப்பிய பதில். வி2 என்று போட்டிருக்கிறீர்கள், ஆனால் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்று ‘---’ என்ற வரிக்குக் கீழே எழுதவில்லை என்ற அர்த்தத்தில் ஒரு அச்சடித்த பதில். அவள் முகம் வாடிவிட்டது. அன்று மாலையே வேறொரு ரிவ்யூவர், முன்பின் தெரியாதவர், இரண்டே வரி எழுதினார்: மாற்றம் சரியாகத்தான் இருக்கிறது, மாறியதை இந்த இடத்தில் இப்படி எழுதி வி3 அனுப்புங்கள். அவள் இன்றைக்கும் கர்னலில் இருக்கிறாள். அந்த இரண்டு வரி வராமல் இருந்திருந்தால் இருந்திருப்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கர்னல் ஆட்கள் கடுமையாகப் பேசுவார்கள் என்று எங்களுக்குச் சீனியர்கள் பயம் காட்டியிருந்தார்கள். பழைய கதைகள் உண்மைதான். 2018 செப்டம்பரில் லைனஸே தன் மின்னஞ்சல்களின் தொனிக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார். 4.19 பதிப்பைக் கிரெக்தான் வெளியிட்டார். நடத்தை விதிகள் வந்ததும் அப்போதுதான். நான் உள்ளே வந்தது அதற்கப்புறம். நான் எழுதிய நிரலை ‘இது வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். என்னை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

இன்னொன்று. பேட்ச்களைத் தானாகக் கம்பைல் செய்து பார்க்கும் இன்டெலின் டெஸ்ட் ரோபோவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பேட்சை நான் ஆர்வமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். சாம்பிள் இடைவெளியை நானோ நொடியில் கணக்கிட்டு, 64 பிட் எண்ணைச் சாதாரண வகுத்தல் குறியால் வகுத்திருந்தார்கள். நம் லேப்டாப்பில் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் கம்பைல் ஆகும். 32 பிட் ஆர்ம் செயலிக்கான கர்னலில், கம்பைல் ஆன துண்டுகளைச் சேர்க்கும் லிங்கர் நின்றுவிடும், ஏனென்றால் அங்கே 64 பிட் வகுத்தலுக்குக் கம்பைலர் கூப்பிடும் துணை ஃபங்ஷன் கர்னலுக்குள் கிடையாது. கர்னலுக்கென்று இருக்கும் வகுத்தல் ஃபங்ஷனைத்தான் பயன்படுத்த வேண்டும். ரோபோ எந்தக் கான்ஃபிகில் (கர்னல் அமைப்பில்) உடைந்தது என்பதோடு அறிக்கை அனுப்பியது.

எழுதியவர் வகுத்தலை மாற்றப்போகும் நேரத்தில் ஒரு ரிவ்யூவர் குறுக்கே வந்து கேட்டார்: இந்த எண் 64 பிட்டுக்குப் போகுமா? அந்தச் சிப்பின் அதிகபட்ச இடைவெளி 1 நொடி, அதாவது 100 கோடி நானோ நொடி. 32 பிட்டில் சுமார் 429 கோடி வரை அடங்கும். ஆக 64 பிட்டே தேவைப்படவில்லை. வகையை மாற்றியதும் ரோபோ சொன்ன பிழையும் காணாமல் போனது. ரோபோ இல்லாவிட்டால் உடைந்தது தெரிந்திருக்காது, அந்த ரிவ்யூவர் இல்லாவிட்டால் தேவையில்லாத ஒன்றை ஒழுங்காகச் செய்து வைத்திருப்பார்கள். நான் ரிவ்யூ செய்யத் தொடங்கியது அந்தக் கேள்வியைப் பார்த்த பிறகுதான். அதுபோல ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

*

நானும் ரிவ்யூ செய்கிறவன்தான், ஆனால் நெட்வொர்க் பக்கம். அங்கே வேகம் அதிகம், சின்னச் சின்ன வழக்கங்களும் அதிகம். ஃபங்ஷன் தொடக்கத்தில் மாறிகளை நீளமான வரி மேலே, குட்டை வரி கீழே என்று அடுக்க வேண்டும். மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும்போது நெட்-நெக்ஸ்ட் (புதிய நெட்வொர்க் வசதிகள் சேரும் மரம்) மூடியிருக்கும், புதிய வசதி எதையும் அனுப்பக்கூடாது. இதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது ஒன்று உண்டு. 2021-ல் மினசோட்டா பல்கலைக்கழக விவகாரம் வெடித்தபோது நான் ரிவ்யூ செய்துகொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வேண்டுமென்றே ஓட்டை வைத்த பேட்ச்களைப் பொய்ப் பெயர்களில் அனுப்பி, ரிவ்யூவர்கள் பிடிக்கிறார்களா என்று 2020-ல் அங்கிருந்து ஒரு ஆய்வு செய்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில், அதே குழுவைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து பொருளற்ற பேட்ச்கள் வரத் தொடங்கியதும், அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்பையே கிரெக் நிறுத்திவிட்டார். அங்கிருந்து பல வருடமாக வந்திருந்த நானூறுக்கும் மேற்பட்ட கமிட்களை மறுபடி படிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலானவை நல்ல பேட்ச்களாகவே இருந்தன. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், மன்னிப்பும் கேட்டார்கள்.

எனக்கு அன்று வந்த வருத்தம் ஏமாந்தோமே என்பதற்காக இல்லை. ரிவ்யூவர் தவறவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குத்தான் அத்தனை டெஸ்டும், கிரெக்கும் மற்றவர்களும் பராமரிக்கும் ஸ்டேபிள் பதிப்புகளும் (வெளியான கர்னலுக்குத் திருத்தம் மட்டும் சேர்ப்பவை). ஏற்கெனவே ஆள் பற்றாத இடத்தில், சம்பளம் இல்லாமல் இரவில் உட்கார்ந்து படிக்கிறவர்களின் நேரத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்களே என்பதுதான். மறுபடி படித்த ஒவ்வொரு கமிட்டுக்கும் பதிலாக ஒரு புதியவரின் பேட்ச் காத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு சில வாரங்கள், பழக்கமில்லாத முகவரியிலிருந்து வந்த சின்னத் திருத்தங்களைக்கூட நாங்கள் இரண்டு முறை படித்தோம். நேர்மையாக அனுப்பிய மாணவர்கள்தான் அதில் தாமதத்தைச் சுமந்தார்கள்.

ரிவ்யூவை எங்கே தொடங்குவது என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். உங்களிடம் இருக்கும் ஹார்டுவேரிலிருந்து தொடங்குங்கள். லேப்டாப்பில் இருக்கும் வைஃபை சிப், வீட்டில் கிடக்கும் ராஸ்பெர்ரி பை, எதுவானாலும் சரி. கர்னலோடு வரும் மெயின்டெய்னர்ஸ் ஃபைலில் அதன் டிரைவர் எந்தப் பகுதியில் வருகிறது என்று பாருங்கள். அந்தப் பகுதிக்கு வரும் பேட்ச்களில் ஒன்றைப் பி4 என்ற கருவியால் இறக்கினால், தொடர் முழுவதும் ஒழுங்காக உங்கள் மரத்தில் ஏறிவிடும். நிரலில் பிழை தேடும் ஸ்பார்ஸ், ஸ்மேட்ச் கருவிகள் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பிழை வந்தால் கோடு எங்கே போகிறது என்று ஒவ்வொரு கோட்டூவாக (வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் ‘goto’ கட்டளை) பின்தொடருங்கள். ஒழுங்காக நடக்கும் பாதையை எழுதியவரே சோதித்திருப்பார், பிழைப் பாதையைப் பெரும்பாலும் யாரும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புரியாத இடத்தைக் கேள்வியாகவே எழுதுங்கள். ‘இந்தப் பூட்டை இங்கே ஏன் விடுகிறோம் என்று புரியவில்லை’ என்பதே நல்ல ரிவ்யூதான். எழுதியவர் அதற்குப் பதில் சொல்ல முடியாமல் திணறி, அங்கேயே பிழை வெளிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். ரிவ்யூட்-பை கொடுக்கும் அளவுக்குத் தைரியம் வரவில்லையென்றால் பரவாயில்லை. போர்டில் ஓட்டிப் பார்த்து ‘டெஸ்டட்-பை’ கொடுங்கள். எந்தப் போர்டு, எந்தக் கர்னல் பதிப்பு, என்ன செய்து பார்த்தீர்கள் என்று இரண்டு வரி சேர்த்தால், மெயின்டெய்னர் அதை நிச்சயம் படிப்பார்.